அழுகைச் சத்தம் கேட்டால்தான் போடு

என்ன தொழில் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் திறக்கவே சோம்பல். மரண அறிவித்தல் போடுகிறேன் என்றதும் கேட்டவர் முகம் ஒரு மாதிரிப் போய்விடும். நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைக் கூட மெல்ல அங்கால தள்ளி வைப்பார்கள். நான் என்ன பிணமா தூக்குகிறேன்? பெரியகல்லாற்றில் என் வீட்டு முன்னறையில், காற்றாடிக்குக் கீழே இருந்து கொம்பியூட்டரில் தட்டுகிறேன், அவ்வளவுதான். மட்டக்களப்புப் பக்கம் யாராவது கண்ணை மூடினால் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் அதை அறிவது எங்கள் வெப்சைட்டில்தான். விடிந்ததும் பல்லுத் தீட்ட முதல் அதைத் திறந்து பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த வெப்சைட்டில் வெளியே தெரியாத பக்கம் ஒன்று உண்டு. பாஸ்வேட் போட்டு அட்மினுக்குள் நுழைகிறவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். 'உள்வீடு' என்று அதற்குப் பெயர், எங்கள் பக்கம் வீட்டின் உள்ளறையைச் சொல்கிறமாதிரி. அந்தப் பெயரை வைத்தவர், எனக்கு முன்னமே இந்த வேலையைத் தொடங்கி நடத்தியவர். நான் அவரை அண்ணா என்பேன். அவருடைய வீடு வாவிக்கு அந்தக் கரையில், மண்டூரில். நான் இந்தக் கரையில். வெப்சைட்டின் சொந்தக்காரர் கனடாவில் பனிக்குள் இருந்துகொண்டு எங்கள் இரண்டு பேரையும் விரட்டுவார். அண்ணாவை நான் நேரில் கண்டது குறைவு. எங்கள் கதை பேச்செல்லாம் உள்வீட்டில்தான் நடந்தது. அவர் அங்கே எழுதி வைப்பார், நான் விடிந்ததும் வாசிப்பேன்.

என்ன எழுதுவார் என்கிறீர்கள்? வேலைக் குறிப்புகள்தான். "பிறந்த ஊரை முதல் போடு, இருந்த ஊரைப் பிறகு போடு. மாத்திப் போட்டா ரெண்டு ஊரும் கோவிக்கும்." "மருமக்கள்ட பேரை விட்டிராத. விட்டா செத்த வீட்டில பெரிய சண்டை வரும், அதுக்கு நாமதான் காரணமாவம்." "கலியாணப் படத்தில இருந்து முகத்தை வெட்டி எடுக்கக்குள்ள தோளைப் பார். மற்ற ஆளின்ட கை அதில கிடக்கும். கையை விட்டிட்டு ஆளை மட்டும் வெட்டிராத." அந்தக் கடைசிக் குறிப்பை வாசித்த அன்று நான் பழைய அறிவித்தல்களைப் போய்ப் பார்த்தேன். என்ர அம்மோ! நான் வெட்டிய படங்களில் எத்தனை பேரின் தோளில், ஆளில்லாத கை ஒன்று கிடந்தது தெரியுமா? எல்லாவற்றையும் உட்கார்ந்து திருத்தினேன்.

எல்லாக் குறிப்புக்கும் மேலே, சிவப்பு எழுத்தில் ஒன்று இருந்தது. "வீட்டுக்குப் போன் எடு. அழுகைச் சத்தம் கேட்டால்தான் போடு."

அதற்கு ஒரு கதை இருக்கிறது. வெளிநாட்டில் இருந்த மருமகன் ஒருவன், மாமாவுக்கு வருத்தம் கடுமை என்று கேள்விப்பட்டதும் அவசரப்பட்டு அறிவித்தலை அனுப்பிவிட்டான். அண்ணாவும் நம்பிப் போட்டுவிட்டார். பின்னேரம் போன் வந்ததாம். "தம்பி, நான் இன்னும் சாகல்ல. அந்தப் படத்தை மட்டும் மாத்துங்க, அதில நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கன்." அன்றைக்கு அண்ணாவுக்கு ஏறின பயம் இறங்கவே இல்லை. அதன் பிறகு எந்த வீடென்றாலும் முதலில் போன். பின்னால் ஒப்பாரியோ விம்மலோ கேட்கவேண்டும். எடுத்தவரிடம், காலமானவருக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்கவேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் பொத்தானைத் தட்டவேண்டும். "மனிசன் பொய் சொல்லுவான் புள்ள, அழுகை பொய் சொல்லாது" என்பார். நான் வாய்க்குள் முணுமுணுத்தாலும் அப்படியே செய்து வந்தேன்.

பிறகு கொரோனா வந்தது. அண்ணா காய்ச்சல் என்று படுத்தார். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவருடைய மனிசி கேற்றடியில் நின்று பார்த்ததோடு சரி. வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்களாம். அங்கேயே முடிந்தது, அங்கேயே எரித்தும் விட்டார்கள். பெட்டி வரவில்லை. தெருவில் வெள்ளை கட்டவில்லை, மேளம் அடிக்கவில்லை, பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டுக்கு யாரும் போகவும் இல்லை. அந்த நேரம் ஆர்தான் ஆருடைய வீட்டுக்குப் போனது? நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு, கனடாக்காரர் எழுதி அனுப்பிய அவருடைய அறிவித்தலைத் தட்டி, படத்தையும் சேர்த்து வைத்தேன். படத்தைப் பார்த்துத்தான் வெட்டினேன், தோளில் கை ஒன்றும் இல்லை.

விதி விதிதானே. மண்டூருக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் புள்ள, சொல்லுங்க" என்றார் அவருடைய மனிசி. தெளிந்த குரல். பின்னால் யாரும் அழவில்லை, கோழி ஒன்று கொக்கரித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, அண்ணாட அறிவித்தல்..." என்று இழுத்தேன்.

"அதுவா? அத நீங்க போட வேணாம் புள்ள. அவரே போட்டுக்குவார்."

போன் வைக்கப்பட்ட பிறகும் நான் அதைக் காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில், மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகிறான், எனக்கோ பயம் பிடித்துவிட்டது. பேயும் பிசாசும் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னார்களோ தெரியாது. எனக்கு நடந்ததெல்லாம் பட்டப்பகலில். கனடாக்காரர் கத்தினார். வீட்டார் பொறுக்கச் சொல்கிறார்கள் என்று சமாளித்தேன். அழுகைச் சத்தம் கேட்கவில்லை, ஆகவே அறிவித்தல் போடப்படவில்லை. ஊரெல்லாம் செத்தவர்களைப் பதிந்த மனிசன் தான் செத்ததைப் பதியாமலேயே கிடந்தார்.

கொஞ்ச நாள் போயிற்று. கதிரவெளிப் பக்கத்து வீடொன்றின் அறிவித்தலை ஒரு பின்னேரம் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து அட்மினைத் திறந்தால் உள்வீட்டின் அடியில் புதிதாக ஒரு வரி கிடக்கிறது. "கதிரவெளி அறிவித்தலில சின்ன மருமகள்ட பேர் இல்ல. பார்."

பார்த்தேன். இல்லைதான். ஆனால் நான் பயந்தது பெயர் விட்டுப்போனதற்காக இல்லை. அந்த வரிக்குக் கீழே, எழுதியவர் யார் என்று கொம்பியூட்டர் தானாகவே காட்டும் இடத்தில், அண்ணாவின் பெயர் இருந்தது.

புத்தியுள்ள எவரும் உடனே மனிசியைத்தான் நினைப்பார்கள். எனக்கும் அந்த நினைப்பு வந்தது. ஆனால், "என்ர மனிசிக்குக் கொம்பியூட்டரத் துடைக்கத் தெரியும், தொடத் தெரியாது" என்று அண்ணா எத்தனை தரம் பகிடி பண்ணியிருக்கிறார். அந்தப் பகிடியை நம்பி நான் நடுங்கினேன். என் வாய்க் கொழுப்புக்கு, உள்வீட்டிலேயே எழுதிக் கேட்டேன். "யார் இது?"

மறுநாள் பதில் இருந்தது. "நான்தான். வேற ஆர் உள்வீட்டுக்க வாறது?"

அன்றைக்கு முழுக்க நான் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. குசினியில் இருந்து தேங்காய் துருவினேன், துருவின தேங்காயை என்ன செய்வதென்று தெரியாமல் மூடி வைத்தேன். ஆனால் சாவு எனக்காகப் பொறுக்குமா? அடுத்த நாள் வந்து உட்கார்ந்தேன். வரிகள் வந்துகொண்டே இருந்தன. "இந்தப் படத்தில பொட்டு அழிஞ்சிருக்கு, வீட்டுக்காரர்ட்ட வேற கேள்." "இவர் வட்டைவிதானை, வயல் தண்ணிக்குப் பொறுப்பா இருந்தவர், அத விட்டிராத, வயல்காரர் அதப் பாப்பாங்க." எல்லாம் சரியான திருத்தங்கள். பயந்து பயந்து திருத்துவேன். பிறகு, சும்மா சொல்லக்கூடாது, பயம் ஒருபக்கம் கிடக்க, வரி இல்லாத நாட்களில் என்னமோ குறைந்தமாதிரி இருக்கத் தொடங்கியது.

அப்போதுதான் இன்னொரு விதமான வரிகள் தொடங்கின. "இண்டைக்கு ஓரா மீன் ஆணம். முள் பாத்துச் சாப்பிடுங்க." இது வேலைக் குறிப்பா? மீன் கறிக்கும் செத்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்த நாள், "கூனியும் முருங்கையிலையும். உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு." அதற்கும் அண்ணாவின் பெயர்தான். அண்ணா எழுதுவதென்றால் யாருக்கு எழுதுகிறார்? வாங்க போங்க என்று அவர் என்னை ஒருநாளும் சொன்னதில்லையே. முதலில் வந்த பயம் மாறி, அந்த வரிகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

ஒருநாள் மத்தியானம், அந்தப் பக்கத்தைத் திருத்த நான் கை வைத்த நேரம், திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்பியது. ஒரே பக்கத்தை இரண்டு பேர் ஒரே நேரம் திருத்தக் கொம்பியூட்டர் விடாது. முதலில் போனவரின் முகத்தை வட்டமாகக் காட்டி அறிவிக்கும். காட்டியது. பாதையில் நின்று எடுத்த படம் அது. வாவியைக் கடக்க ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற இரும்புத் தட்டை எங்கள் பக்கம் பாதை என்போம். காற்றில் தலைமயிர் பறக்க அண்ணா சிரிக்கிறார். கீழே எழுத்து: இவர் இதை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார். அதற்கும் கீழே ஒரு பொத்தான்: நீங்கள் பொறுப்பெடுக்கிறீர்களா?

இப்போது என்கிறது! இந்த நிமிஷம், வாவிக்கு அந்தப் பக்கம், அந்தப் பெயரில் யாரோ இருந்து எழுதுகிறார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு அந்த முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். பொத்தானைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் தானாகவே மறைந்தது. போய்ப் பார்த்தால், "பலாக்கொட்டை அவிச்சது. ஆறிப்போகும், வாங்க" என்றிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் கனடாக்காரருக்குப் புத்தி வந்தது. வெப்சைட்டைப் புது இடத்துக்கு மாற்றப் போகிறாராம், கள்ளர் உள்ளே பூராமல் பழைய எக்கவுண்டுகளை அழிக்க வேண்டுமாம். "அவன் போயிற்றானே தங்கச்சி, அவன்ட எக்கவுண்ட் ஏன் கிடக்கு? இந்தக் கிழமைக்குள்ள அழிச்சிரு" என்றார். உள்ளதைச் சொன்னால் எனக்கு விசர் என்பார். ஓம் என்று வைத்தேன்.

அழிக்கப் போனேன். ஓர் ஆளை அழிக்கச் சொன்னால் கொம்பியூட்டர் உடனே அழிக்காது, ஒன்று கேட்கும். இவருக்குச் சொந்தமானவற்றை என்ன செய்வது? எல்லாவற்றையும் அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா? நல்ல கேள்விதான், செத்த வீட்டில் எல்லோரும் கேட்கிறதுதானே. என் பெயருக்கு மாற்றினால் எழுத்துகள் மிஞ்சும். ஆனால் அந்தக் கரையில் இருந்து வருகிறவருக்குக் கதவு பூட்டிவிடும். சோற்றையும் ஆணத்தையும் கொண்டுவந்து, பூட்டிய கதவில் முட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டாம் நாள் படையல்! செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் ஆக்கி, உள்வீட்டில் வைத்து, விளக்கைக் கொளுத்திக் கதவைச் சாத்திவிட்டு, வீட்டார் வெளியில் சத்தம் போடாமல் இருப்பார்கள். அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. பிறகு தட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். செத்த வீடே நடக்காத அந்த வீட்டில் எட்டும் நடந்திருக்காது. ஒருத்தி அந்தப் படையலை நாள்தோறும் வைத்துக்கொண்டிருக்கிறாள், நான் தட்டாமல் கதவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குருமண்வெளிக்குப் போய்ப் பாதையில் ஏறினேன். வாவி அசையாமல் கிடந்தது. தண்ணீர் மேல் வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது.  திரும்பிப் போய்விடலாமா என்று நடுவாவியில் நினைத்தேன். நினைத்தென்ன, பாதை நடுவில் திரும்புமா?

மனிசி என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்க புள்ள, அவரைப் பாக்கவா வந்த நீங்க?" என்றார்.

உள்ளே மேசையில் கொம்பியூட்டர் திறந்தபடி இருந்தது. முன்னால் இரண்டு கதிரை. ஒன்றின் முதுகில் அண்ணாவின் சாரம் மடித்துக் கிடந்தது. மற்றதில் அக்கா உட்கார்ந்தார். மேசையில் மூடி வைத்த கோப்பை ஒன்று. நான் எங்கே உட்காருவது? நின்றேன்.

"அவருக்குக் கண் சரியில்ல, அது உங்களுக்குத் தெரியாது" என்றார் அக்கா. "அவர் தட்டுவார், நான் பக்கத்தில இருந்து பேரெல்லாம் சரி பாப்பன். மருமக்கள் விட்டுப்போறத நான்தான் கண்டுபிடிக்கிறது. மறுகா நான் தட்டவும் பழகின. ஆக்களிட்ட சொல்லாத எண்டுவார், வெக்கம் அவருக்கு."

பகிடியை நம்பின என்னை என்ன சொல்ல! "அக்கா, அண்ணா..." என்றேன். எப்படிச் சொல்வது? செத்த செய்தி சொல்வதுதான் என் தொழில், ஆனால் நான் அதை எப்போதும் எழுத்தில்தானே சொல்லியிருக்கிறேன்.

"எல்லாரும் சொல்றாங்க" என்றார். "ஆரு புள்ள கண்ட? பெட்டி வரல்ல, முகத்தக் காட்டல்ல. அம்புலன்சில ஏறக்குள்ள, கதவப் பூட்டிக்கிட்டு இரு, வாறன் எண்டுதானே சொன்னவர். நான் எதப் பாத்து அழுற?"

எக்கவுண்டைப் பற்றிச் சொன்னேன். இந்தக் கிழமைக்குள் அழிக்க வேண்டும், அதன் பிறகு அந்தப் பெயரில் உள்ளே வர முடியாது என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்கிறமாதிரி, "அப்ப அவர் எங்க இருப்பார்?" என்று கேட்டார்.

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூடி வைத்த கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார். அது அவருக்கு ஊற்றின தேத்தண்ணி என்று எனக்குத் தெரியும். ஆறிப்போயிருந்தது. குடித்தேன். மனம் கேட்கவில்லை, ஆனாலும் குடித்தேன். திரும்பிப் பாதையில் வரும்போது வாய்க்குள் அந்தச் சீனி இருந்தது.

கிழமை முடியப் போனது. இனியும் சாட்டுச் சொல்ல ஏலாது என்ற நாளில், காலமை வெள்ளன முழுகிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எந்த வீட்டுக்கும் எடுக்கிறமாதிரியே மண்டூருக்கு எடுத்தேன். அக்காவோ புள்ளையோ என்ற பேச்சுக்கே போகவில்லை. போனால் என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். என் தொழிற்குரலில் தொடங்கினேன்.

"வணக்கம். நாங்க மரண அறிவித்தல் போடுற இடத்தில இருந்து எடுக்கிறம். உங்கட வீட்டு அறிவித்தல் ஒண்டு எங்கட்ட இருக்கு."

அக்கா போனை வைக்கவில்லை.

அண்ணாவின் முழுப் பெயரைச் சொன்னேன். பிறந்த ஊரைச் சொன்னேன், இருந்த ஊரைச் சொன்னேன், இரண்டும் மண்டூர்தான்.  விடாமல் கேட்டேன்.

"காலமானவருக்கு நீங்க என்ன முறை வேணும்?"

அந்தப் பக்கம் கோழி கொக்கரித்தது. யாரோ கதிரையை இழுத்தார்கள். இதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன்.

"பொஞ்சாதி" என்றார் அக்கா.

சொன்னவர் அந்தச் சொல்லோடு உடைந்துபோனார். அத்தனை மாதமாக அந்த வீட்டில் கேளாத சத்தம் அது. முதலில் இருமல்போல் வந்தது, பிறகு தலையில் அடித்துக்கொண்டு, என்னை விட்டிட்டுப் போன நீங்களே, வாறன் எண்டு சொல்லிட்டுப் போன நீங்களே என்று. கோழிகள் சிதறி ஓடுவது கேட்டது. பக்கத்து வீட்டார் ஓடி வருவதும் கேட்டது. நானும் வாய்விட்டு அழுதேன், எனக்கென்ன வெட்கம்? செத்த வீடு நடக்கட்டும் என்று போனை வைக்காமல் இருந்தேன்.

அழுகை தணியத் தணிய அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார், "எழுதி வெச்சிருக்கிற நீங்களா புள்ள? எங்க கிடக்கு?"

சொன்னேன். அடுத்த கணம் என் திரையில் பெட்டி எழும்பியது. பாதையில் நின்று சிரிக்கிற முகம். இவர் இதை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறார். போனில் விம்மலுக்கு நடுவே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

முகம் மறைந்தது. வெப்சைட்டின் முன்பக்கத்தைத் திறந்தேன். எல்லோருக்கும் மேலே அண்ணாவின் அறிவித்தல் இருந்தது. நான் 'அன்பு மனைவி' என்று மட்டும் எழுதியிருந்த இடத்தில் அக்கா தன் பெயரையும் சேர்த்திருந்தார். அடியில், போட்டவர் என்ற இடத்தில் அண்ணாவின் பெயர்.

"இனிப் பூட்டுங்க புள்ள" என்றார் அக்கா. "அவர் போட்டிட்டார்."

பூட்டுவதற்கு முன் கடைசித் தடவையாக உள்வீட்டுக்குள் போனேன். மேசையில் விரலால் தட்டிவிட்டுத்தான் திறந்தேன். சோற்றுக் குறிப்புகளுக்கெல்லாம் கீழே, அண்ணாவின் பெயரில், புதிதாக ஒரு வரி இருந்தது.

"வீட்டுக்குப் போன் வந்தது. அழுகைச் சத்தம் கேட்டது."